ட்ரோன் காணொளியில் அதிர்வைக் குறைப்பது எப்படி: 450 ஃப்ரேம் கட்டும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்து அங்குலப் புரொப்பெல்லரும் 2212 அளவு மோட்டாரும் பூட்டிய, எதிரெதிர் மோட்டார்களுக்கிடையே 450 மி.மீ. தொலைவுள்ள ஃப்ரேம்தான் பலரும் தம் கையால் கட்டும் முதல் ட்ரோன். பொறியியல் கல்லூரி மாணவர்களின் மேசைகளில் பல ஆண்டுகளாக இதைப் பார்க்கலாம். 2022 பிப்ரவரியில் இந்திய அரசு, சில விலக்குகளுடன், முழு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை விதித்து உதிரிப் பாகங்களை மட்டும் அனுமதித்த பிறகு, பாகங்களை வாங்கிக் கட்டுவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. கட்டிய ட்ரோன் நிலையாக மிதக்கத் தொடங்கியதும் அடுத்து வருவது கேமரா ஆசை. கையில் இருக்கும் ஆக்‌ஷன் கேமராவை அடியில் கட்டிப் பறக்கவிட்டு, இறங்கியதும் காணொளியைத் திறந்தால், எதிர்வீட்டுச் சுவர் நீரில் தெரியும் பிம்பம்போல நெளிந்துகொண்டிருக்கும்.

இந்த நிலையில் பெரும்பாலானோர் முதலில் செய்வது, நான்கு ரப்பர் பந்துகள் கொண்ட தாங்கி ஒன்றை வாங்கிக் கேமராவுக்கு அடியில் வைப்பது. அதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. அதிர்வு புரொப்பெல்லரில் பிறக்கிறது. மோட்டார் வழியாக, அதைத் தாங்கும் கையான ஆர்முக்கும், ஆர்ம் வழியாக நடுத்தட்டுக்கும், அங்கிருந்து தாங்கி வழியாகக் கேமராவுக்கும் செல்கிறது. பிறக்குமிடத்தில் அதைப் பாதியாக்கினால் பாதை முழுவதும் பாதியாகிவிடும். கேமராவுக்கு மட்டுமன்றி, ட்ரோனை நிலையாகப் பறக்கவைக்கும் மின்பலகையான ஃப்ளைட் கன்ட்ரோலருக்கும் மோட்டார் பேரிங்குக்கும் நன்மை கிடைக்கும். தாங்கியை மட்டும் மாற்றினால், மீதி எல்லாம் பழையபடி அதிர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே கீழே உள்ள வேலைகளை அவை சொல்லப்பட்டுள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

எந்த வகை ஆட்டம் என்று முதலில் கண்டறியுங்கள்

காணொளியில் தெரியும் எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. ‘ஜெல்லோ’ என்று சொல்லப்படும் நெளிவு எப்படி உண்டாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றைப் பிரித்தறிவது எளிது. கேமராவின் சென்சார் ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரிவரை வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறது. அதற்கு 20 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மிதக்கும்போது மோட்டார் நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றினால், அது வினாடிக்கு 90 சுற்று. சமநிலை தவறிய புரொப்பெல்லர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை ஃப்ரேமை இழுப்பதால், கேமரா 11 மில்லிவினாடிக்கு ஒரு முறை ஆடுகிறது. சென்சார் ஒரு படத்தைப் படித்து முடிப்பதற்குள் ஏறத்தாழ இரண்டு ஆட்டம் முடிந்துவிடுகிறது. நேராக நிற்கும் தூண் படத்தில் இரண்டு வளைவுகளோடு தெரிவதற்கு இதுவே காரணம். ஜெல்லோ சில வினாடி தோன்றி, மறைந்து, சீரான இடைவெளியில் மீண்டும் தோன்றினால், ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழலும் இரண்டு மோட்டார்களின் அதிர்வுகள் ஒரு சமயம் கூடியும் ஒரு சமயம் ஒன்றையொன்று குறைத்தும் விளையாடுகின்றன என்று கொள்ளலாம். அப்போது ஒரு மோட்டாரை மட்டும் சரிசெய்து நிறுத்தக் கூடாது.

படம் நெளியாமல், முழுப் படமும் சேர்ந்து மெதுவாக அசைந்தால் அது காற்றினாலோ கன்ட்ரோலரின் பிஐடி அமைப்பினாலோ (ட்ரோன் சாயும்போது எவ்வளவு வலுவாகத் திருத்துவது என்று சொல்லும் பி, ஐ, டி மதிப்புகள்) வருவது. வினாடிக்கு பத்துப் பதினைந்து முறை நடுங்கினால், தளர்ந்த ஆர்மையோ அதிகமாக ஊசலாடும் தாங்கியையோ மிகையான பி மதிப்பையோ சந்தேகிக்கலாம். செங்குத்தாகக் கீழே இறக்கும்போது மட்டும் உலுக்கினால், ட்ரோன் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே இறங்குகிறது என்று பொருள். சற்று முன்னோக்கி நகர்ந்துகொண்டே இறக்கினால் அது நீங்கும். படம் விட்டுவிட்டுத் தாவினால் அது அதிர்வே அல்ல, மெமரி கார்டின் வேகக் குறைவாக இருக்கலாம்.

ஒரே மாதிரியான சோதனைப் பறப்பு

எதை மாற்றினால் என்ன விளைந்தது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் ஒரே பறப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். காற்று அடங்கிய காலை நேரத்தில், ஆள் நடமாட்டமில்லாத திறந்த இடத்தில், நேர்க்கோடுகள் நிறைந்த ஏதேனும் ஒன்றை நோக்கிக் கேமராவைத் திருப்புங்கள். கம்பிக் கேட்டும் பூசப்படாத செங்கல் சுவரும் இதற்கு மிகப் பொருத்தம், ஏனெனில் மரத்தையோ வானத்தையோ படமெடுத்தால் நெளிவு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். இரண்டு மீட்டர் உயரத்தில் அரை நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டி, ஒரு முறை சுழற்றி, த்ராட்டிலைக் கூட்டிச் சில மீட்டர் ஏற்றி இறக்குங்கள். கேமராவுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் நிலைப்படுத்தலை இந்தச் சோதனையின்போது அணைத்துவிடுங்கள். அது குறையை மறைத்துவிடும். ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலரில் ஆர்டுபைலட் என்ற பறப்பு மென்பொருள் ஓடினால் உங்களிடம் ஓர் அளவுகோலும் இருக்கிறது. பறப்புப் பதிவில் ‘வைப்’ என்ற பெயரில் மூன்று அச்சுகளின் அதிர்வும் பதிவாகிறது. அந்த எண் 30-க்குக் கீழ் இருந்தால் பொதுவாக ஏற்கலாம். 30-ஐத் தாண்டினால் சிக்கல் வரலாம். 60-ஐத் தாண்டினால் உயரத்தைப் பிடித்து நிற்பதிலேயே தடுமாற்றம் வருவது ஏறத்தாழ உறுதி. அதிர்வு சென்சாரின் அளவெல்லையை எத்தனை முறை தொட்டது என்று சொல்லும் ‘கிளிப்’ என்ற எண்ணிக்கை சுழியமாகவே இருக்க வேண்டும். இந்த எண்கள் கன்ட்ரோலர் உணரும் அதிர்வைச் சொல்கின்றன. கேமராவின் நிலையைக் காணொளிதான் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வைப் குறைந்தும் ஜெல்லோ குறையாதபோது குறை தாங்கியில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

புரொப்பெல்லர்: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

ஒரு பிளேடு மற்றதைவிட 0.1 கிராம் கனமாக இருந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். அந்த 0.1 கிராம் மையத்திலிருந்து 10 செ.மீ. தொலைவில் இருப்பதாகவும் மோட்டார் மேலே சொன்ன 5,400 சுற்றில் ஓடுவதாகவும் வைத்துக் கணக்கிட்டால், மோட்டார் தண்டை அது வெளிநோக்கி இழுக்கும் விசை 3.2 நியூட்டன், அதாவது சுமார் 320 கிராம் எடைக்குச் சமம். அந்த இழுப்பு வினாடிக்கு 90 முறை திசை சுற்றி வருகிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மிதக்கும்போது தெளிவாக இருந்த காணொளி, த்ராட்டிலைக் கூட்டியதும் கெடுவது இதனால்தான்.

சமநிலை பார்ப்பதற்கு முன் புரொப்பெல்லரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் சிறு பிளவு, நுனியில் வெளுத்த வளைவுக்கோடு, தரையில் உரசிய அடையாளம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அதைச் சமப்படுத்த முயல வேண்டாம், தூக்கி எறிந்துவிடுங்கள். விரிசல் விட்ட புரொப்பெல்லர் ஆகாயத்தில் உடைந்தால் நான்கு மோட்டார் ட்ரோன் நிலைகுலைந்து விழும். பிளாஸ்டிக் புரொப்பெல்லர் மலிவானது, கேமராவோ கீழே நிற்பவரின் தலையோ அப்படியல்ல.

அடுத்து மையத்துளையைப் பாருங்கள். 1045 என்று குறிக்கப்படும் இந்தப் பத்து அங்குலப் புரொப்பெல்லர்களோடு பல அளவுகளில் சிறு பிளாஸ்டிக் வளையங்கள் தருவார்கள். உங்கள் மோட்டார் அடாப்டரின் தண்டுக்கு இறுக்கமாகப் பொருந்தும் வளையத்தைத்தான் போட வேண்டும். இதைக் கவனிப்பவர் குறைவு என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 10 கிராம் எடையுள்ள புரொப்பெல்லர் தண்டிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்தால், நுனிப்பக்கம் 10 செ.மீ. தொலைவில் 0.05 கிராம் ஒட்டிவைத்ததற்குச் சமமான பிறழ்வு வந்துவிடுகிறது. அதாவது மேலே கணக்கிட்ட இழுப்பில் பாதி. தராசில் எவ்வளவு நுணுக்கமாகச் சமப்படுத்தினாலும், தளர்ந்த வளையத்தில் பூட்டினால் அத்தனை உழைப்பும் வீண். வளையத்தைப் போட்ட பிறகு புரொப்பெல்லரைத் தண்டில் ஏற்றி, நட்டை இறுக்காமல் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது.

சமப்படுத்துவதற்குக் காந்தத்தில் தொங்கும் தண்டு கொண்ட பேலன்சர் வேண்டும். மின்விசிறியை அணைத்து, சன்னலைச் சாத்தி, புரொப்பெல்லரைத் தண்டில் பொருத்திக் கிடைமட்டமாக நிறுத்தி விடுங்கள். கனமான பிளேடு மெல்லக் கீழிறங்கும். இலேசான பிளேடின் முதுகுப்புறத்தில், நுனியிலிருந்து சற்று உள்ளே, அரை அங்குல அளவு செல்லோ டேப்பை ஒட்டி மீண்டும் பாருங்கள். இப்போது அது கீழிறங்கினால் டேப்பை மையம் நோக்கி நகர்த்துங்கள், அல்லது கத்தரித்துச் சிறிதாக்குங்கள். டேப்பின் விளிம்பு காற்றில் பிய்ந்துகொள்ளாதபடி நகத்தால் நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும். டேப் பிடிக்காதவர்கள் கனமான பிளேடின் அடிப்பரப்பை 400-ஆம் எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து எடையைக் குறைக்கலாம். முன்விளிம்பை மட்டும் தொடக் கூடாது, அதன் வடிவம் மாறினால் ஏற்றுவிசை கெடும். கார்பன் ஃபைபர் புரொப்பெல்லரைத் தேய்ப்பதானால் முகக்கவசம் அணிந்து, தாளை ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கிடைமட்டத்தில் நின்றதோடு வேலை முடிந்துவிடவில்லை. புரொப்பெல்லரைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அது ஒரு பக்கம் சாய்ந்தால் குறை பிளேடில் இல்லை, மையக்குடத்தில் இருக்கிறது. சாயும் பக்கத்துக்கு எதிர்ப்புறத்தில், குடத்தின் மேல் சூட்டுப் பசையைத் துளித்துளியாக வைத்துச் சரிசெய்யுங்கள். எந்தக் கோணத்தில் விட்டாலும் அந்தக் கோணத்திலேயே நிற்கும் புரொப்பெல்லர்தான் சமநிலை அடைந்தது. மாற்றுக்கு வைத்திருப்பவற்றையும் இப்போதே சமப்படுத்திக் குறியிட்டு வைப்பது நல்லது. பறக்கும் இடத்தில் பேலன்சரை விரித்துக்கொண்டு உட்கார முடியாது.

மோட்டாரும் ஆர்மும்

பேட்டரியைக் கழற்றிய நிலையில், புரொப்பெல்லரைப் பூட்டி, அதன் நுனிக்கு அருகே ஒரு பேனாவை அசையாமல் நிறுத்தி, கையால் மெல்லச் சுற்றுங்கள். இரண்டு நுனிகளும் பேனாவின் ஒரே உயரத்தைக் கடக்க வேண்டும். ஒன்று மேலும் மற்றது கீழுமாகக் கடந்தால், புரொப்பெல்லரை 180 பாகை திருப்பிப் பூட்டி மீண்டும் பாருங்கள்; இப்போதும் அதே பிளேடு உயரமாகச் சென்றால் குறை புரொப்பெல்லரில், மாறிவிட்டால் தண்டோ அடாப்டரோ வளைந்திருக்கிறது. வளைந்த தண்டை நிமிர்த்த முயல்வது பயன் தராது, மாற்றிவிடுங்கள். பிறகு புரொப்பெல்லரைக் கழற்றி மோட்டாரை விரலால் சுழற்றுங்கள். காந்தங்களின் சீரான பிடிப்பு தெரிவது இயல்பு. மணல் அரைபடுவது போன்ற உணர்வு தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது.

மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்க்கும்போது புரொப்பெல்லர் எதிலும் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியில் விலக்கே இல்லை.

மோட்டாரை ஆர்மோடு பிணைக்கும் ஸ்க்ரூக்கள் அதிர்வில் தளரக்கூடியவை. உலோகமும் உலோகமும் சேரும் அந்த இடத்தில் ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சிறு துளி போதும். பிளாஸ்டிக் ஆர்மில் அது வழிந்தால் பிளாஸ்டிக்கில் விரிசல் விழ வாய்ப்புண்டு. ஸ்க்ரூ நீளமாக இருந்தால் உள்ளே செப்புச் சுற்றைத் தொட்டுவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரெதிர் ஆர்ம்கள் இரண்டைப் பிடித்து முறுக்கினால் நடுத்தட்டில் கிறீச்சென்ற ஓசை வரக் கூடாது. ட்ரோனில் பேட்டரிதான் பெரும்பாலும் மிகக் கனமான ஒற்றைப் பொருள். அது ஒரே ஒரு ஸ்ட்ராப்பில் தளர்ந்து தொங்கினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் படம் நடுங்கும். இரண்டு ஸ்ட்ராப் போட்டு, அடியில் வழுக்காத ரப்பர் துண்டு ஒன்றை வையுங்கள்.

கேமராத் தாங்கி

இப்போது ரப்பர் பந்துகளுக்கு வரலாம். தாங்கி என்பது அதிர்வை விழுங்கும் மந்திரப் பொருள் அல்ல. அதற்கென ஓர் இயல் அதிர்வெண் உண்டு, அதாவது தட்டிவிட்டால் அது தானாக வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற எண். அந்த இயல் அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளை மட்டுமே அது குறைக்கும். அதற்குக் கீழே வருவனவற்றைக் குறைக்காததோடு, இயல் அதிர்வெண்ணை ஒட்டியவற்றைப் பெருக்கியும் விடும். இயல் அதிர்வெண்ணை அளக்க வீட்டிலேயே வழி இருக்கிறது: கேமரா இல்லாதபோதும் கேமராவைப் பொருத்திய பிறகும் இரண்டு தட்டுகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்து, கேமராவின் எடையால் பந்துகள் எவ்வளவு இறங்கின என்று பாருங்கள். 1 மி.மீ. இறங்கினால் இயல் அதிர்வெண் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 16 முறை. 90 ஹெர்ட்ஸ் அதிர்வில் கணக்குப்படி முப்பதில் ஒரு பங்குதான் கேமராவை எட்டும், நடைமுறையில் சற்றுக் கூடுதலாக எட்டலாம். பந்துகள் கெட்டியாக இருந்து 0.05 மி.மீ. மட்டுமே இறங்கினால் இயல் அதிர்வெண் 70 ஹெர்ட்ஸ். அதே 90 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்றரை மடங்குக்கு மேல் பெருகிக் கேமராவைச் சேரும். தாங்கி போட்டதும் படம் முன்பைவிடக் கெட்டது என்று பலர் சொல்வதில் வியப்பில்லை.

150 கிராம் எடையுள்ள சிறு கேமராவுக்குப் பெரிய கேமராவுக்கான கெட்டிப் பந்துகளைப் போடுவதே வழக்கமான தவறு. மென்மையான பந்துகளைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கேமரா உட்காரும் தட்டின் எடையைக் கூட்டுங்கள், எடை நான்கு மடங்கானால் இயல் அதிர்வெண் பாதியாகும். பேட்டரியையே கேமராவோடு சேர்த்து ஒரே தட்டில் வைத்துப் பந்துகளில் தொங்கவிடுவது இந்தக் கணக்கைப் பயன்படுத்திக்கொள்ளும் நல்ல வழி. ஆனால் அளவுக்கு மீறி மென்மையாக்கினால் ட்ரோன் திரும்பும்போதெல்லாம் கேமரா ஊசலாடும். 1 முதல் 2 மி.மீ. வரை இறங்குவது தொடங்குவதற்கு ஏற்ற அளவு என்பது என் கருத்து. பந்து பிய்ந்தால் கேமரா விழாதபடி இரண்டு தட்டுகளையும் தளர்வான நூலால் இணைத்துவிடுங்கள். நூல் இறுகினால் அதிர்வு அதன் வழியே கடக்கும்.

இதே காரணத்தால் வயர்களையும் கவனிக்க வேண்டும். நேரலைப் படத்துக்காகக் கேமராவிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் தடித்த கேபிள் விறைப்பாக இருந்தால், பந்துகளைத் தாண்டி ஒரு பாலம் போட்டதாகிவிடும். உறை மெலிந்த, மெல்லிய இழைகள் கொண்ட சிலிகான் வயரை வளையமாகத் தளர்த்தி விடுங்கள். கேமராவின் அடிப்பாகமோ லென்ஸ் மூடியோ ஃப்ரேமில் எங்கும் உரசாமல் இருக்கிறதா என்று, தட்டை விரலால் நான்கு பக்கமும் தள்ளிப் பாருங்கள்.

கேமராவை மோட்டாரால் மட்டமாகப் பிடித்திருக்கும் கிம்பல் வைத்திருப்பவர்களுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். கிம்பலின் மோட்டார் ட்ரோன் சாய்வதைச் சரிக்கட்டும். 90 ஹெர்ட்ஸ் அதிர்வைத் துரத்திப் பிடிக்க அதனால் முடியாது. மின்சாரம் இல்லாதபோது கேமரா எந்தச் சாய்விலும் தானே நிற்கும்படி எடையைச் சமப்படுத்திய பிறகே கிம்பலை இயக்குங்கள்.

ஷட்டர் வேகமும் என்டி ஃபில்டரும்

இதற்குப் பிறகும் எஞ்சும் சிறு அதிர்வைக் கேமரா அமைப்பால் கண்ணுக்குத் தெரியாமல் செய்யலாம். உச்சி வெயிலில் எஃப் 2.8 துளையும் ஐஎஸ்ஓ 100-உம் உள்ள கேமரா, தானியங்கி அமைப்பில் 1/3200 வினாடி அளவுக்கு ஷட்டரை விரைவாக்கிக்கொள்ளும். அத்தனை குறுகிய நேரத்தில் ஒவ்வொரு வரியும் அதிர்வின் ஒரு புள்ளியில் உறைந்துவிடுவதால் நெளிவு கூர்மையாகத் தெரிகிறது. என்டி 64 ஃபில்டர் ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைப்பதால் ஷட்டர் 1/50 வினாடிக்கு வரும். அந்த 20 மில்லிவினாடியில் அதிர்வு ஏறத்தாழ இரு முறை போய்வந்து சராசரியாகிவிடுவதால், நெளிவுக்குப் பதில் மிகச் சிறிய மங்கல் மட்டும் மிஞ்சும். வினாடிக்கு 25 அல்லது 30 படங்கள் எடுப்பவர்களுக்கு இந்த ஷட்டர் வேகம் அசைவையும் இயல்பாகக் காட்டும். மேகமூட்டத்தில் என்டி 8 அல்லது 16 போதும். பெரிய அதிர்வை இப்படி மறைக்கப் பார்த்தால் படம் முழுதும் மங்கிவிடும்.

கன்ட்ரோலரும் கணினியும்

புரொப்பெல்லர் வேலை முடிந்ததும் வைப் எண்கள் இறங்கியிருக்கும். அதன் பின்னரே, குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டும் நாட்ச் ஃபில்டரையும் பிஐடி மதிப்புகளையும் தொடுங்கள். அதிர்வோடு கூடிய ட்ரோனில் டி மதிப்பை உயர்த்தினால் மோட்டார்கள் சூடாகும். கன்ட்ரோலரில் பீட்டாஃப்ளைட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர், 2019-இல் 4.1 பதிப்போடு வந்த ஆர்பிஎம் ஃபில்டரை மோட்டாரின் சுற்றுவேகத்தைக் கன்ட்ரோலருக்குத் திருப்பிச் சொல்லும் இருவழி டிஷாட் தொடர்புமுறையோடு சேர்த்து இயக்கலாம். அது, சுழற்சியை உணரும் சென்சாரான கைரோவுக்குள் வரும் மோட்டார் இரைச்சலை வடிகட்டுகிறது. ஃப்ரேம் அதிர்வதை அது நிறுத்துவதில்லை.

கணினியில் நிலைப்படுத்த, கைரோஃப்ளோ என்ற கட்டணமற்ற திறமூல மென்பொருள் சிறந்தது. கோப்ரோ ஹீரோ 5 பிளாக் முதலான கேமராக்கள் காணொளியோடு சேர்த்துப் பதியும் கைரோ தரவை எடுத்து, கேமரா எப்படித் திரும்பியது என்பதைக் கணக்கிட்டு, வரிவரியாகப் படிப்பதால் வரும் சாய்வையும் அது திருத்துகிறது. இதைப் பயன்படுத்துவதாக முடிவு செய்தால் மூன்றைக் கவனிக்க வேண்டும். கேமராவின் உள் நிலைப்படுத்தலை அணைத்துவிட வேண்டும். ஷட்டரை 1/200 அளவுக்கு விரைவாக வைக்க வேண்டும், ஏனெனில் அசைவினால் வந்த மங்கலை எந்த மென்பொருளும் நீக்காது. நிலைப்படுத்திய படத்தில் அந்த மங்கல் துடித்துக்கொண்டு தெரியும். கேமராவில் கைரோ இல்லாமல் ஃப்ளைட் கன்ட்ரோலரின் பிளாக்பாக்ஸ் என்ற பறப்புப் பதிவைக் கொடுப்பதானால் கேமரா ஃப்ரேமோடு விறைப்பாகப் பிணைந்திருக்க வேண்டும். மென்மையான தாங்கியில் கேமரா தனியாக ஆடினால் தரவும் படமும் ஒத்துப்போகா. ஆகவே என்டி ஃபில்டர் வழியா, கைரோஃப்ளோ வழியா என்பதைப் பறப்பதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு முதல் வழியையே பரிந்துரைப்பேன், அதில் குறை எங்கே இருக்கிறது என்பது காணொளியிலேயே தெரிந்துவிடுகிறது.

நன்றாக வந்த ட்ரோனும் அப்படியே இருந்துவிடாது. புரொப்பெல்லர் தரையையோ கிளையையோ தொட்ட பறப்புக்குப் பிறகு, கண்ணுக்குக் கீறல் தெரியாவிட்டாலும், பேலன்சரில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். ரப்பர் பந்துகள் வெயிலில் கெட்டியாகி விரிசல் விடும் என்பதால் ட்ரோனைக் காரின் பின்கண்ணாடி ஓரத்தில் விட்டுவைக்காதீர்கள். ஸ்க்ரூக்களை மாதம் ஒரு முறையாவது கையால் சோதியுங்கள். கம்பிக் கேட்டை எடுத்த அந்த முதல் நல்ல காணொளியை அழிக்காமல் வைத்திருந்தால், பின்னால் சந்தேகம் வரும்போது அதே இடத்தில் மீண்டும் பறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.